நம்மூர் வியாபாரிகள் கூட்டு: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த ஊரில் சொந்த முதல் போட்டுத் தொழில் நடத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கக் கூட்டு அமைப்பதைப் பற்றி, கடைக்காரர்களும் கைத்தொழில் செய்கிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்றையும் பழைய கணக்குப்படி ஒரே சீமையாகத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆனால் சரக்கு வண்டிக்கு அந்த எல்லைக்கோடெல்லாம் தெரியாது.

ஏற்கெனவே வியாபாரிகள் சங்கம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

சங்கம் இருக்கட்டும், வேண்டும். வரி, கடை வாடகை, சாலை அகலப்படுத்துவது என்று அரசாங்கத்தோடு பேச ஆள் தேவை. மே 5 வணிகர் தினத்துக்கு மாநாடு கூட்டுவதும் சங்கம்தான். ஆனால் சங்கத்தில் முன்வரிசையில் உட்காருகிற ஒருவருடைய கடைக்குப் போய், அவர் எங்கே கொள்முதல் செய்கிறார் என்று பாருங்கள். பை வெளியூர். அட்டைப்பெட்டி வெளியூர். தீபாவளிக்கு வேலையாட்களுக்கு எடுத்துக் கொடுக்கும் துணியும் வெளியூர். அவர் கடையிலிருந்து நாலு தெரு தள்ளி அதே பொருளைச் செய்கிறவர் ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் ஒரே சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்களாகவும் இருப்பார்கள்.

கூட்டு என்று நாம் சொல்வது இந்த இடைவெளியை அடைக்கிற வேலை. முதலில் உறுப்பினர்கள் தங்களுக்குள் வாங்க வேண்டும். அப்புறம் தங்களுக்குள் கடன் வசதி, தங்களுக்குள் வண்டி. வாடிக்கையாளரைப் பார்த்து ‘உள்ளூரில் வாங்குங்கள்’ என்று தட்டி வைப்பது கடைசி வேலை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் தட்டி மட்டும்தான் மிஞ்சும்.

நம்மூர்த் தொழில் என்றால் எது? அல்வாவுக்குக் கோதுமையே வெளியூர்தானே?

வெளியூர்தான். நெல்லையில் கோதுமை விளைவதில்லை. சீனியும் வெளியிலிருந்து வருகிறது. ஆனால் கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, பால் பிழிந்து, தெளியவைத்து, அடுப்படியில் மணிக்கணக்காக நின்று கிண்டுகிற ஆள் இங்கே இருக்கிறார். அவர் சம்பளம் இங்கே செலவாகிறது. லாபத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கிற முதலாளியும் திருநெல்வேலி டவுனிலேயே இருக்கிறார். மூலப்பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்கூடத் தேறாது, அதற்கு வெல்லம் தேனி, சேலம் பக்கத்திலிருந்து வருகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முடிவெடுக்கிறவர் எங்கே இருக்கிறார்? வெளியூர்க் கம்பெனியின் பெயர்ப்பலகையைக் கட்டணம் கட்டி மாட்டிக்கொண்டு, அவர்கள் சொன்ன சரக்கை அவர்கள் சொன்ன விலைக்கு விற்கிற கடையில் முதலாளி நம்மூர்க்காரராக இருந்தாலும் கொள்முதலை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. அவரைச் சேர்த்து என்ன செய்யப் போகிறோம்?

சென்னையில் கடை வைத்திருக்கும் நம்மூர் அண்ணாச்சிகளைச் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். அவர் கடை சென்னைக்குத்தான் உள்ளூர்க் கடை. இருந்தாலும் வாங்குகிறவராக அவரை விட்டுவிடக் கூடாது. உடன்குடிக் கருப்பட்டியும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் அவர் கடை அடுக்கில் ஏறுவது, நாம் இங்கே திருவிழாக் கடை போடுவதைவிடப் பெரிய வேலை.

உள்ளூர்க் கடையில் வாங்கினால் பணம் ஊரில் தங்கும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. அளவுதான் இடத்துக்கு இடம் மாறும். எல்லோரும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் 2002இல் செய்த கணக்கு. உள்ளூர்க்காரர் நடத்தும் புத்தகக் கடையில், இசைத்தட்டுக் கடையில் 100 டாலர் செலவழித்தால் சுமார் 45 டாலர் அந்த ஊரிலேயே மறுபடி புழங்கியது. பெரிய சங்கிலிக் கடையில் செலவழித்த 100 டாலரில் 13 மட்டுமே அப்படித் தங்கியது. உள்ளூர்க் கடையின் கணக்குவழக்கு, விளம்பரம், அச்சுவேலை எல்லாம் உள்ளூரிலேயே நடந்ததுதான் வித்தியாசத்துக்குக் காரணம்.

அந்த 45ஐ அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம்மூர்ச் சுவரொட்டியில் அடிக்கிறவர்களை நம்பாதீர்கள். அது புத்தகக் கடைக் கணக்கு. மளிகைக் கடையில் நிலவரம் வேறு. மளிகையில் விற்ற பணத்தில் பெரும்பங்கு சரக்கு வாங்கவே திரும்பிப் போய்விடும். அந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கடை மட்டும் உள்ளூரில் இருந்து, அலமாரி முழுக்க வெளியூராக இருந்தால் தங்குவது கடைக்காரரின் சொற்ப லாபமும் இரண்டு பையன்களின் சம்பளமும்தான்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனையா?

பெயர் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். வேலை நம் சீமையில் பழையது. வெற்றியும் தோல்வியும் இரண்டுமே நம்மிடம் இருக்கின்றன.

மகமையைப் பாருங்கள். 1910இல் ராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்படும்வரை சிவகாசி, சாத்தூர்ப் பக்கமெல்லாம் நெல்லை ஜில்லாவைச் சேர்ந்ததுதான். அந்த வட்டாரத்து நாடார் வியாபாரிகள் விற்கிற சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை எடுத்து உறவின்முறை என்ற தங்கள் சாதிச் சங்கத்தின் பொதுநிதியில் போட்டார்கள். வண்டியும் மாடும் வியாபாரியும் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் அந்த வழியில் வந்தன. பள்ளிக்கூடங்களும் வந்தன, விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது. யாரும் தனியாகப் பெரிய நன்கொடை கொடுத்து நடந்த காரியம் இல்லை இது. ஒவ்வொரு மூட்டையிலும் காசு எடுத்ததால், வியாபாரம் நடக்கிறவரை நிதியும் வந்துகொண்டே இருந்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியதும் அதே பழக்கத்தின் நீட்சிதான். 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று. இன்றும் தலைமையகம் தூத்துக்குடியில்தான்.

தோல்வி வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் 10 லட்ச ரூபாய் முதலோடு, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று பதிவானது. பங்கு விலையை 25 ரூபாயாக வைத்ததைக் கவனியுங்கள். சிறு வியாபாரியும் பங்குதாரர் ஆகட்டும் என்பதுதான் அதன் பொருள். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்தன. எதிர்த்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. அப்புறம் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். நெல்லையில் கலவரமே வெடித்தது. கம்பெனி அதற்குப் பின் தலைதூக்கவில்லை.

ஆட்சியாளரின் அடக்குமுறை பாதிக் காரணம். மீதிப் பாதியை வியாபாரியாக யோசிக்க வேண்டும். எதிராளி நஷ்டத்துக்கு விற்கும்போது தாக்குப்பிடிக்கக் கையிருப்பு முதல் வேண்டும், அதோடு விலையைப் பார்க்காமல் நம்மிடம் சரக்கு ஏற்றுகிற வாடிக்கை வேண்டும். இன்றைக்குச் செயலியில் தள்ளுபடி கொடுத்து வருகிற கம்பெனிகள் செய்வதும் குடை கொடுக்கிற வேலைதான். அதைப் பேச்சால் தடுக்க முடியாது.

மகமை ஒரு சாதிக்குள் நடந்ததுதானே? இதுவும் அப்படித்தான் முடியுமா?

முடியலாம். அந்தப் பயம் நியாயமானது.

சாதிக்குள், ஜமாத்துக்குள், தேவாலயப் பங்குக்குள் கூட்டு சேர்வது எளிது. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். கடன் வாங்கிவிட்டு ஓட முடியாது. எளிது என்பதாலேயே அது அங்கேயே நின்றுவிடும். ஆனால் பொருளின் வழி சாதி வழியில் போவதில்லை. பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். வீரவநல்லூரில் சேலை நெய்கிறவர்களில் சௌராஷ்டிரர்கள் நிறைய. காருக்குறிச்சியில் பானை வனைகிற குடும்பங்கள் வேறு. கல்யாண வீட்டுக்கு இந்த மூன்றும் வேண்டும், கேட்டரிங்காரர் இன்னொருவர். இவர்களைச் சேர்க்காத கூட்டு எதை விற்கப் போகிறது?

நடைமுறையில் ஒரு விதி உதவும். நிர்வாகக் குழுவை ஊர்வாரியாகவோ சமூகவாரியாகவோ பிரிக்காமல் தொழில்வாரியாகப் பிரியுங்கள்: உணவு, நெசவு, மண்ணும் மரமும், சேவைத் தொழில் என்று. கூட்டத்தைக் கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் வளாகத்திலோ வைக்காமல் ஓர் உறுப்பினரின் பட்டறையிலேயே வையுங்கள். இவ்வளவு செய்தாலும் சில பேர் சில பேரோடு உட்கார மாட்டார்கள். அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது?

கொள்முதல் நோட்டிலிருந்து. பெயர், சின்னம், துவக்க விழா எல்லாம் பிறகு.

பாளையங்கோட்டையில் மதியச் சாப்பாடு போடுகிற ஒரு மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். அந்த அக்காவிடம் ஒரு மாதத்து பில்களைக் கேட்டு வாங்கி, தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, வாழை இலை, தயிர், அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய், பார்சல் டப்பா, கேஸ், பில் புத்தகம், துடைக்கிற துண்டு. ஒவ்வொரு பில்லிலும் யாரிடம் வாங்கியது, சரக்கு எந்த ஊரில் உண்டானது என்று இரண்டு குறிப்பு எழுதுங்கள்.

பருப்பும் கேஸும் வெளியூர்தான். அதில் மல்லுக்கட்ட வேண்டாம். காய்கறி பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். இலையும் இங்கே கிடைப்பதுதான். மாற்றக்கூடியவை அப்பளம், எண்ணெய், பில் புத்தகம், துண்டு, பார்சல் கட்டுகிற சாமான். அஞ்சு விஷயம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற குடும்பங்கள் இருக்கும்போது வேறு ஊர் பாக்கெட் அப்பளம் ஏன் வருகிறது என்று கேட்டால் அவர் சொல்லப் போகிற பதில் விலையாக இருக்காது. “அவன் வாரம் தவறாம கொண்டாந்து போட்டுட்டுப் போறான், பணத்த அடுத்த வாரம் வாங்கிக்கிடுதான்” என்பார்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கொண்டுவந்து போடுவதும் ஒரு வாரக் கடனும். அப்பளக்காரரால் தனியாக இரண்டும் முடியாது. பத்துக் கட்டு அப்பளத்துக்கு வண்டிச் சத்தம் (வாடகை) கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மாதேவி வழியாகப் பாளையங்கோட்டைக்கு வாரம் ஒரு தடவை ஒரு லோடு ஆட்டோ வந்தால், அப்பளமும் பானையும் செக்கெண்ணெயும் ஒரே வண்டியில் ஏறும். சத்தத்தை எடைக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளலாம். திரும்பிப் போகும்போது வண்டி காலியாகப் போகக் கூடாது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். டவுன் மொத்தக் கடைகளிலிருந்து கிராமத்துக் கடைகளுக்கு ஏற்ற ஏதாவது இருக்கும்.

அந்த ஒரு வாரக் கடனுக்கு என்ன வழி? அதற்கு அடுத்த கேள்வி.

கைமுதல் இல்லாதவர்களுக்குக் கூட்டு கடன் கொடுக்க முடியுமா?

முதலில் ஒன்று. இந்தச் சீமையில் சிறு வியாபாரியைச் சாய்த்த பெரிய விஷயம் சூப்பர் மார்க்கெட் இல்லை, கந்துவட்டி. 2003இலேயே தமிழ்நாட்டில் அதீத வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. தினவட்டி, மணிவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுத்த சட்டம் அது. அதற்குப் பிறகும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் கந்துவட்டிக் கொடுமையால் உயிரை விட்டது. காலையில் 5,000 ரூபாய் வாங்கிச் சரக்கு எடுத்து, சாயங்காலம் வட்டியோடு திருப்பிக் கட்டுகிறவரிடம் போய் உள்ளூர்ப் பொருளாதாரம் என்று பேசினால் அவர் சிரிக்கத்தான் செய்வார்.

கூட்டு தானே கடன் கொடுக்கும் நிறுவனமாக மாறுவது ஆபத்து, சட்டமும் இடம் தராது. சீட்டு நடத்தலாமே என்பார்கள். ஏலச்சீட்டு நமக்குப் பழக்கப்பட்டதுதான். ஆனால் 1982ஆம் வருடத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் நடத்துவது குற்றம். பதிவு செய்து நடத்துகிறவர் எடுக்கக்கூடிய கமிஷன் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சம் 7 சதவீதம். ‘நம்ம பயலுவதானே, பதிவு எதுக்கு’ என்று தொடங்கிய சீட்டு எப்படி முடியும் என்பது எல்லா ஊரிலும் எல்லோருக்கும் தெரியும்.

இதைவிட எளிய வழி, வாங்குகிறவர் சீக்கிரம் பணம் கொடுப்பது. மெஸ்காரர் சரக்கு இறங்கிய அன்றே பணம் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிவு, வாரம் கழித்துக் கொடுத்தால் முழு விலை என்று கூட்டுக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம். பெண்கள் நடத்தும் தொழில் என்றால் மகளிர் சுய உதவிக் குழு வழியாக வங்கிக் கடன் கிடைக்கிறது. இதுவரை வங்கிப் பக்கமே போகாதவரை, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவைச் செய்ய வைத்து, வங்கிக் கிளைக்குக் கூட்டிக்கொண்டு போய் மேலாளர் முன்னால் உட்கார வைப்பதும் கூட்டின் வேலைதான். உதயம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 500, 1,000 என்று கேட்கிறவர் இடைத்தரகர்.

பெரிய கடைக்குச் சரக்குப் போட்டோம், மாதக்கணக்கில் பணம் வரவில்லை. என்ன செய்யலாம்?

உற்பத்தி செய்கிறவர் உதயம் பதிவு வைத்திருந்தால் சட்டம் அவர் பக்கம். 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. குறு, சிறு உற்பத்தியாளருக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காமல் இழுத்தடிக்கிற வாங்குபவர் அந்தச் செலவை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்திருக்கிறது.

சட்டம் இருக்கிறது, சரி. ஒற்றை ஆளாகப் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயமும் இருக்கிறது. அதனால் முதல் கடிதம் கூட்டின் பெயரில் போகட்டும், மரியாதையான வார்த்தையில், இந்த விதிகளைச் சுட்டிக்காட்டி. வாங்கி விற்கிற வியாபாரிக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லோரும் சேர்ந்து ஒரே விலை வைத்தால் என்ன?

வைக்காதீர்கள். 2002 போட்டிச் சட்டப்படி சங்கமாகக் கூடி விற்பனை விலையை நிர்ணயிப்பது தவறு. மருந்து வணிகர் சங்கங்கள் அபராதம் வாங்கிய கதைகள் உண்டு. சேர்ந்து வாங்கலாம், வண்டியைப் பகிரலாம். விலைப்பலகை அவரவர் பாடு.

எந்தப் பெயரில் பதிவு செய்வது?

ஆரம்பத்தில் எதுவும் வேண்டாம். கொள்முதலை மாற்றிப் பார்ப்பதற்குப் பதிவு எண் தேவையில்லை. பொதுப்பணம் புழங்கத் தொடங்கியதும் தேவை. பொது வேலைக்கு மட்டும் என்றால் 1975 தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து பதியலாம். லாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது. நெசவு, கைவினை, விவசாயம் என்று உற்பத்தி செய்கிறவர்கள் மட்டும் சேர்ந்து வியாபாரமே நடத்துவதென்றால் உற்பத்தியாளர் கம்பெனி நல்லது. குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள், ஐந்து இயக்குநர்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அந்தக் கடைசி விதிக்காகவே எனக்கு அது பிடிக்கும். ஆனால் வருடாவருடம் கணக்குத் தாக்கல், தணிக்கை என்று செலவு உண்டு. ஆர்வத்தில் கம்பெனி தொடங்கிவிட்டு ஆடிட்டர் கட்டணத்துக்குத் திண்டாடுகிற கூட்டங்கள் உண்டு.

வெளிநாட்டுக் கம்பெனிச் சரக்கைப் புறக்கணிப்போம் என்று அறிவித்தால் போதாதா?

2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூடு. நம் பக்கத்தில் கூடுதல் காரணமும் இருந்தது: கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போகிறது என்ற கோபம். அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொல்லிப் போட்ட வழக்குகளை மறுநாளே, மார்ச் 2இல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது.

இன்றைக்கு ஏதாவது ஒரு பெட்டிக்கடைக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். பழையபடியே இருக்கும். கடைக்காரர் கொள்கை இல்லாதவர் என்று சொல்லிவிட வேண்டாம். அந்தக் கண்ணாடிக் குளிர்பெட்டி பெரும்பாலும் கம்பெனி கொடுத்தது. அதன் நெற்றியில் கம்பெனி பெயர் எரியும், உள்ளே அவர்கள் சரக்குத்தான் அடுக்க வேண்டும் என்று பேச்சு. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பாலும் தயிரும் எதில் வைப்பது? 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் மாதிரி நம் பக்கத்துக் கம்பெனிகள் இல்லாமல் இல்லை, சோடா ஆலைகளும் இல்லாமல் இல்லை. அவற்றின் பாட்டில் குளிர்பெட்டிக்கு வெளியே வெயிலில் நிற்கிறது.

நூறு கடைகள் அறிவிப்பு வெளியிடுவதைவிட, இருபது கடைகளுக்குச் சொந்தக் குளிர்பெட்டி வாங்கத் தவணைக் கடன் ஏற்பாடு செய்வது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. பழைய பெட்டியைப் பழுதுபார்த்துக் கொடுக்கிற மெக்கானிக்கும் உறுப்பினராக இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

புவிசார் குறியீடு வாங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாமா?

ஒரு வட்டாரத்துப் பொருளின் பெயரை வேறு ஊர்க்காரர் போட்டு விற்காமல் காப்பது இந்தக் குறியீடு. குறியீடு வேலி, விளைச்சல் நம் பாடு.

நம் சீமையில் பத்தமடைப் பாய்க்கு இருக்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது. அதை வாங்கியது தனி முதலாளி இல்லை, உற்பத்தியாளர்களும் விற்பனையாளர்களும் சேர்ந்த சங்கம். 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் வீரவநல்லூர்ச் செடிபுட்டா சேலைக்கும் கிடைத்தது. இதில் எனக்குப் பிடித்த அம்சம், இந்த உரிமையை யாரும் யாருக்கும் விற்க முடியாது. வணிக முத்திரை என்றால் பெரிய கம்பெனி விலை பேசி வாங்கிக்கொண்டு போய்விடும். இது அந்த வட்டாரத்து உற்பத்தியாளர்களோடு ஒட்டியது.

ஆனால் பத்தமடைக்குப் போய்த் தறி முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஆற்றோரக் கோரையை அறுத்து, காயவைத்து, தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, நூல் மாதிரிக் கீறியெடுக்கிறார்கள். பருத்தி நூல் பாவில் அந்தக் கோரையை ஒவ்வொன்றாகக் கோத்து அடிக்கிறார்கள். பட்டுப்பாய் என்றால் துணியைப் போல மடித்துவிடலாம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயர்களையே நெய்து கொடுப்பார்கள். அதற்குப் பொறுமையும் கண்பார்வையும் நாளும் வேண்டும். விசைத்தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் அதற்குள் ஆயிரக்கணக்கில் விற்றிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவதைக் குறியீட்டுச் சான்றிதழ் தடுக்காது. கையில் நிற்கிற கூலி வேண்டும்.

இங்கே கூட்டு செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்யாணத்துக்குச் சம்பந்தப்பட்ட எல்லோரும் உறுப்பினர்கள்: மண்டபம், அழைப்பிதழ் அச்சகம், பாத்திரக் கடை, கேட்டரிங், ஒலிபெருக்கிக்காரர். பத்திரிகை அடிக்க வருகிற வீட்டாரிடம் அச்சகக்காரரே மாதிரிப் பாய் ஒன்றைக் காட்டி, ‘இப்பவே சொன்னாத்தான் பேரு நெய்து தர முடியும்’ என்று சொல்லிவிட்டால் ஆர்டர் இரண்டு மாதம் முன்பே பத்தமடைக்குப் போய்விடும். முன்பணமும் போகும். நெய்கிறவருக்கு மிகப் பெரிய உதவி அந்த முன்பணம்தான். வெளியூர்க் கண்காட்சிக்கு இரண்டு பாய் கொண்டுபோய் மாட்டி வைப்பதெல்லாம் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும்.

இயற்கைக்குக் கெடுதல் இல்லாத தொழில் என்றால் செலவு கூடுமே?

சிலவற்றில் கூடும், சிலவற்றில் குறையும். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும் பார்சல் கட்டும்போது கவர்தான் கைக்கு வருகிறது, அது மலிவு. பனை ஓலைக் கொட்டான் விலை அதிகம். ஆனால் எல்லாப் பொருளுக்கும் கொட்டான் வேண்டாம். கருப்பட்டிக்கும் வெளியூருக்குப் பரிசாகப் போகும் பலகாரத்துக்கும் கொட்டான் போட்டால் வாங்குகிறவரே கூடுதல் விலை தருவார். மணப்பாட்டுப் பக்கம் ஓலை முடைகிற பெண்கள் இருக்கிறார்கள். தினசரிப் பார்சலுக்கு வாழை இலையும் பழைய செய்தித்தாள் அல்லாத சுத்தமான தாளும் போதும். அச்சு மை சாப்பாட்டில் ஒட்டுவது நல்லதில்லை.

பனை ஏறுகிறவர் இல்லாவிட்டால் கருப்பட்டியும் இல்லை. சீனி கலந்த கருப்பட்டியைக் கொஞ்சம் மலிவாக விற்கிற கடையைக் கூட்டில் வைத்துக்கொண்டு பனையைக் காப்போம் என்று பேச முடியாது. முதலில் கலப்படக்காரரை வெளியே அனுப்புங்கள், அவர் எவ்வளவு சந்தா கட்டினாலும்.

உள்ளூர் என்பதற்காகத் தரம் குறைந்தாலும் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், இரண்டாம் தடவை வேறு ஆளைப் பாருங்கள். ‘நம்ம ஆளு’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாங்குகிற பழக்கம் இரண்டு பேருக்கும் கெடுதல்.

தள்ளுவண்டி, நடைபாதைக் கடைக்காரர்களைச் சேர்க்கலாமா?

கட்டாயம். வாடகை கொடுக்கிற கடைக்காரருக்கு வாசலில் நிற்கிற வண்டி மேல் கோபம் வருவது புரிகிறது. ஆனால் 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடமும் அடையாள அட்டையும் கொடுக்கச் சொல்கிறது; நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் அவர்களே தேர்ந்தெடுத்த ஆட்களாக இருக்க வேண்டும். சுண்டல்காரருக்குப் பயறு யார் கடையிலிருந்து வருகிறது என்று பாருங்கள், அவர் உங்கள் வாடிக்கையாளராகத்தான் இருப்பார்.

ஊருக்கென்று தனிக் கூப்பன் அடித்துப் புழங்கவிடலாமா?

இங்கிலாந்தில் டாட்னஸ் என்ற சிற்றூர் 2007இல் தனக்கென்று ஒரு பவுண்டு அச்சடித்தது, 2019இல் நிறுத்திவிட்டது. மக்கள் ரொக்கம் எடுப்பதே குறைந்துபோனது ஒரு காரணம். நம்மூரில் பணம் மாதிரித் தாள் அச்சடிப்பது சட்டச் சிக்கல் வேறு. சுவிட்சர்லாந்தில் 1934இல் தொடங்கிய வீர் என்ற வியாபாரிகள் கூட்டுறவு இன்றும் நடக்கிறது. அதில் உறுப்பினர்கள் தங்களுக்குள் வரவு செலவைக் கணக்கிலேயே நேர் செய்துகொள்கிறார்கள். நம் பற்று நோட்டுக்கு அது ரொம்பத் தூரமில்லை. ஆனால் கூட்டு நன்றாக வேரூன்றிய பிறகு யோசிக்க வேண்டியது.

வாட்சப் குழு ஒன்று தொடங்கினால் போதுமா?

காலை வணக்கமும் ரோஜாப் பூவும் வரும். சரக்கு இருக்கு, சரக்கு வேண்டும் என்ற இரண்டைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது என்று விதி வைத்து, மீறினால் நீக்குகிற கறார் ஆள் ஒருவரை நிர்வாகியாகப் போடுங்கள். நட்புக்கு வேறு குழு இருக்கட்டும்.

வெள்ளம் மாதிரி ஆபத்து வந்தால் கூட்டால் என்ன ஆகும்?

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை மீறி நெல்லை ஜங்ஷன் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மூட்டை மூட்டையாக அரிசியும் ஜவுளியும் நாசம். அந்த நேரத்தில் யாரிடம் காப்பீடு இருந்தது, யாரிடம் சரக்கு இருப்புக் கணக்கு இருந்தது என்பதுதான் மீண்டும் கடை திறப்பதைத் தீர்மானித்தது. இருப்புக் கணக்கு நோட்டும் தண்ணீரில் போயிருந்தால் காப்பீட்டுக்காரரிடம் எதைக் காட்டுவது?

மாதம் ஒரு தடவை இருப்புப் பட்டியலைப் படம் எடுத்துக் கூட்டின் பொது இணையக் கணக்கில் ஏற்றி வைப்பதற்குக் காசு ஆகாது. ஐப்பசி பிறக்கும் முன் தாழ்வான இடத்தில் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) வைத்திருப்பவர்கள் மேட்டில் இருக்கும் உறுப்பினர் இடத்தில் பாதிச் சரக்கை மாற்றி வைக்கவும் ஏற்பாடு செய்யலாம். தீ, வெள்ளம் இரண்டுக்கும் சேர்த்துக் கடைக் காப்பீட்டைப் பத்துப் பேராகச் சேர்ந்து பேசினால் ஏஜென்ட் கடைக்கே வருவார்.

சந்தா எவ்வளவு வைக்கலாம்?

மாதச் சந்தா என்று தலைக்கு இவ்வளவு வைத்தால் மூன்றாம் மாதம் பாக்கி விழும். மகமைக் கணக்கு மேல். உறுப்பினருக்கும் உறுப்பினருக்கும் நடந்த வியாபாரத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று வையுங்கள். வியாபாரம் நடக்காதவர் கட்ட வேண்டாம். கூட்டு உருப்படியாக வேலை செய்கிறதா என்பதும் அந்த நிதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கூட்டம் எப்போது வைப்பது?

கடை அடைத்த பிறகு, ராத்திரி ஒன்பதரைக்கு மேல், ஒரு மணி நேரம். மேடை, பொன்னாடை கிடையாது. வருகிறவர்கள் அந்த மாதக் கொள்முதல் பில்களைக் கையோடு கொண்டுவரட்டும். தீபாவளி, பொங்கல் சரக்கு இறங்குகிற வாரங்களில் வேண்டாம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டச் சமயத்தில் டவுன் கடைக்காரர்களைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள்.